மச்சான் மோதிரம்

என் அண்ணன் கொலைக் கைதி. பைக்கை உரசிவிட்டான் என்று பக்கத்துத் தெருக்காரன் ஒருவனைக் குத்திக் கொன்றுவிட்டு ஆயுள் தண்டனையில் இருக்கிறான். இதைச் சொன்னால் பட்டாபிராமில் பாதிப் பேர் குரலைத் தாழ்த்துவார்கள். மீதிப் பேருக்கு நெஞ்சு நிமிரும். இந்த இரண்டாவது கூட்டத்தைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெருமைப்பட எங்கள் வீட்டில் வேறு ஆள் இருந்தாள்.

அப்பா போனபிறகு அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமைத்து எங்களை வளர்த்தாள். மாதம் ஒருமுறை லீவு போட்டு மனு பார்க்கப் போவாள். ஜெயிலில் ஆளைப் பார்ப்பதற்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவளுக்கு ஒரே ஆசை. அண்ணன் பரோலில் வந்து மேடையில் மாப்பிள்ளைக்கு மச்சான் மோதிரம் போட வேண்டும். பெண்ணோடு பிறந்தவன் போடுவதுதானே வழக்கம். மோதிரத்தை முன்கூட்டியே வாங்கி அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தாள்.

அண்ணனின் கூட்டாளி ஒருவன் கல்யாண பேனருக்கு மாதிரி கொண்டுவந்து போனில் காட்டினான். கூலிங் கிளாஸோடு அண்ணன் ஆளுயரத்துக்கு நின்றான். கீழே ஒரு மூலையில், ரேஷன் கார்டு போட்டோ அளவில் நானும் மாப்பிள்ளையும்.

அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். "கல்யாணம் யாருக்குடா?" என்று கேட்டாள். அவன் போனை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினான்.

அந்த மாத மனுவுக்கு நானும் போயிருந்தேன். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள், நடுவில் எல்லோரும் கத்துகிற கத்தல். அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"யம்மா, தண்ணி புடிக்கிற எடத்துல ஒருத்தன் மொறச்சான். கைய ஒடச்சு வுட்டேன். இப்ப நான் வந்தா எல்லாம் எயுந்து நிக்கிறானுங்க. உள்ளயும் நாந்தாம்மா."

அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்தக் கை?"

"சோத்துக் கைதான்."

"அப்ப அந்தப் புள்ள எப்டிடா துன்னுவான்?"

அண்ணனுக்கு அந்தக் கேள்வி விளங்கவேயில்லை. "எவனாவது ஊட்டி வுடுவான், வுடும்மா" என்று சிரித்தான். அம்மா அதற்கப்புறம் கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் சோறு போட்ட கை திரும்பும்போது பஸ்ஸில் மடியில் சும்மா கிடந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பரோல் மனுமேல் விசாரிக்க ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். "பையன் வந்தா வீட்ல வெச்சுப் பாத்துக்குவீங்களாம்மா?"

"வேணாம் சார். இங்க வந்தாலும் எவன் கையயாவது ஒடப்பான். அவன் என் புள்ளதான், இல்லன்னு சொல்லல. நான் போய்ப் பாத்துக்கறேன். அவன் இங்க வர வேணாம்."

பெற்ற வாயால் அதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் விட்டார்களா? பெற்ற பிள்ளையையே வேண்டாம் என்றவள், கல்நெஞ்சுக்காரி என்று வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். பரோல் கிடைக்கவில்லை.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் ஐயர், "மச்சான் மோதிரம் போடறவா வாங்கோ" என்று கூப்பிட்டார். பெரியப்பா மகன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தான். அதற்குள் அம்மா மேடை ஏறிவிட்டாள். புருஷன் இல்லாதவள் சடங்கில் கை வைப்பதா என்று மண்டபத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. அத்தை ஒருத்தி சேலையைப் பிடித்து இழுத்தேவிட்டாள்.

"எம்பொண்ணு கல்யாணம், நாந்தான் போடுவேன். வுடு" என்றாள் அம்மா.

என் வீட்டுக்காரர் விரலை நீட்டினார். அம்மா மோதிரத்தை நேராகப் போட்டுவிட்டாள். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் நின்றதில்லை. மாலை, நகை, பட்டு எதுவும் அதற்கு ஈடில்லை.

அடுத்த மனுவுக்கு அம்மாவோடு நானும் போனேன். அண்ணன் வந்ததும் வராததுமாக, "மோதிரம் எவன் போட்டான்?" என்றான்.

"நான் போட்டேன்."

"நீயா? நீ போட்டியா?" ஓங்கி வலையில் ஒரு குத்து விட்டான். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் விலகினார்கள். விரல் முட்டியில் தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது. வார்டர்கள் ஓடிவந்து அவனைப் பிடித்து இழுத்தார்கள். அம்மா மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"கையப் பாத்துக்கோடா" என்றாள். "அத்தாலதான் துன்னணும்."