பத்தாவது டிக்கெட்

காலை பத்தேகால். காயல்பட்டினத்தில் அந்த விமான டிக்கெட் கடையின் ஷட்டர் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் விமானம். அதன் வாலில் ஒரு வெள்ளைத் தொப்பி மாட்டியிருந்தது. கடைக்காரர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "இரிங்க அண்ணாச்சி" என்றார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் திருநெல்வேலியில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியர். அக்காவுக்குச் சிங்கப்பூர் டிக்கெட் தேடிப் போயிருந்தேன். அங்கிருந்த அக்கா மகளுக்குத் தலைப்பிரசவம். பாளையங்கோட்டைக்கு அழைத்துவருவதாகத்தான் ஏற்பாடு. இடையில் உதிரம் பட்டதால் விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகனுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. பகலில் வீட்டில் வேறு ஆள் கிடையாது. அக்காதான் போக வேண்டும். பாஸ்போர்ட் வந்துவிட்டது. ஆனால் ஜங்ஷனில் விசாரித்த இரண்டு கடைகளிலும் சொன்ன விலை, அத்தானின் ஓராண்டு பென்ஷனுக்குப் பக்கத்தில் வந்தது.

எங்கள் அலுவலகத்துக்கு விளம்பரம் கொடுக்க வந்த ஒருவர்தான் வழி சொன்னார். "வெளிநாட்டு டிக்கெட்ட ஜங்ஷன்ல போயி கேக்கீரே! காயல்ல வீட்டுக்கு ஒராளு அக்கரையில இருக்கான். அங்கன போயி கேளும்வே."

கடைக்காரர் நான் சொன்னதைக் கேட்டு முடிக்குமுன்பே சிரித்தார். "ஒங்களத்தான் அண்ணாச்சி தேடிக்கிட்டு இருக்கேன். இந்த ஊர்லேருந்து சிங்கப்பூர் கல்யாணத்துக்கு ஒம்பது பேரு போறாக. பத்துப் பேரு சேந்து போயி, சேந்து திரும்புனா கூட்டு டிக்கெட்டு. வெல பாதிக்குக் கொஞ்சந்தான் மேல. பத்தாவது ஆளக் கொண்டான்னு நாலு நாளா என் உசுர வாங்குதாக."

மூன்று வாரப் பயணம். டாக்டர் குறித்திருந்த நாள் இரண்டாவது வாரத்தில் வந்தது. சரி என்றேன்.

"சாப்பாடு?"

"சைவம்."

"போட்ருவோம்."

அக்காவுக்குச் சாப்பாட்டில்தான் கவலை. "ஒம்பது பேரும் கறி திங்கும்போது நா நடுவுல இருந்து என்னலே செய்ய?"

"சன்னலப் பாரு" என்றேன்.

அத்தான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்: "கல்யாணத்துக்குப் போறவுகளோட போற. மொய் எழுதாம வந்துராத."

திருவனந்தபுரத்தில் ஏற்றிவிட்டு வந்த மறுநாள் அக்காவிடமிருந்து போன். "ஏலே, பத்துப் பேருக்கும் சைவம் வந்துட்டு!" ஒருவருக்குக் கேட்ட உணவு கூட்டம் முழுமைக்கும் பதிவாகியிருந்தது. அந்தக் கூட்டத்தில் மூத்தவர் கல்யாணப் பெண்ணின் பெரியம்மா. அவர் தட்டின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்குப் போறவுகளுக்கா பத்தியச் சோறு போடுதாக?" என்று கேட்டிருக்கிறார். விமானச் சாப்பாட்டை நம்பாமல் அக்கா புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தாள். அது பத்துப் பேருக்கும் பிரிந்தது. "எனக்கு ஒரு வாய்தாம்லே மிச்சம்" என்றாள். குரலில் வருத்தம் இல்லை.

குறித்த நாள் வந்து போனது. வலி வரவில்லை. குழந்தை நன்றாக இருக்கிறது, காத்திருக்கலாம் என்றார் டாக்டர். திரும்புவதற்கு மூன்று நாட்கள் இருந்தபோது அக்கா மறுபடி பேசினாள். "நா எதுக்குலே இங்க வந்தேன்? அவ அடுப்பங்கரையப் பாத்துட்டுப் போறதுக்கா?" போனை மகளிடம் கொடுத்துவிட்டாள். "ஒரு வாரம் தள்ள முடியாதா மாமா?" என்று கேட்டாள் மகள்.

மறுநாள் பஸ் பிடித்துக் காயல்பட்டினம் போனேன். ஒருவருக்கு மட்டும் தேதியை மாற்ற முடியாது என்று கடைக்காரர் முன்பே சொல்லியிருந்தார். மாறினால் பத்தும் சேர்ந்து மாற வேண்டும். அதுவும் ஒரே ஒரு முறைதான். கல்யாணம் முடிந்து ஊர் திரும்பக் காத்திருக்கும் ஒன்பது பேரிடம் இதைக் கேட்கும் உரிமை எனக்கு எங்கே இருந்தது? பஸ்ஸில் வரும்போது பேச வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் பலவிதமாக அமைத்துப் பார்த்தேன். எதுவும் சரிப்படவில்லை.

நான் படியேறும்போதே கடைக்காரர் கையை ஆட்டினார். "லேட்டா வாறியளே அண்ணாச்சி. பத்தையும் ஒரு வாரம் தள்ளிப் போட்டாச்சு."

"யார் சொல்லி?"

"அந்தப் பெரியம்மாதான். நேத்து ராத்திரி ஒங்க அக்காகிட்ட வெசாரிச்சிருக்காக. காலைலயே எனக்குப் போன் போட்டு ஒரே சத்தம். 'அந்தப் பொம்பளையோட புளிச்சோத்தத் தின்னுட்டு, அவ பேரப்புள்ளையப் பாக்காம எப்படிவே வருவேன்? நீரு வருவீரா?'ன்னு கேக்காக. நா என்னத்தச் சொல்ல?"

ஒன்பது பேரில் ஒருவர் பள்ளி ஆசிரியர். விடுப்பை நீட்டிக்கச் சொல்லித் தலைமையாசிரியருக்குத் தந்தி கொடுத்திருக்கிறார். இன்னொருவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாராம். பிறகு அவரும் சரியாகிவிட்டார் என்று அக்கா சொன்னாள்.

தள்ளிப்போட்ட அந்த வாரத்தின் நான்காம் நாள் விடிகாலையில் பெண் குழந்தை பிறந்தது. சாயங்காலம் ஒன்பது பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஒரு நேரத்தில் மூன்று பேருக்கு மேல் அறைக்குள் விடமாட்டார்கள் என்பதால், மூன்று தடவையாக உள்ளே போனார்கள்.