நாலாம் வகுப்பு நடித்த கேலி நாடகம்

திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அப்போது நான் நாலாம் வகுப்பு டீச்சர். மேட்டூர் அணை நேரத்துக்குத் திறக்காத வருடங்கள் அவை. குறுவை போனது, சம்பாவும் பாதி காய்ந்தது. நிலம் வைத்திருந்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். அந்த நிலத்தில் நட்டு அறுத்தவர்கள் ஏஜென்ட் பிடித்து மலேசியாவுக்கும் குவைத்துக்கும் போனார்கள். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்பா என்றால் போனில் வரும் குரல்தான்.

வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அதில் ஒருத்தி ஜூன் மாதம் அப்பா மலேசியாவிலிருந்து அனுப்பிய பென்சில் டப்பாவோடு வந்தாள். அமுக்கினால் மூன்று தட்டுகள் திறக்கும் டப்பா. அன்றிலிருந்து, இரண்டு பேரையும் பிரித்துச் சொல்வதற்காக, அவளை 'மலேசியா' என்று கூப்பிட ஆரம்பித்தேன். பிள்ளைகளும் அப்படியே கூப்பிட்டார்கள்.

தீபாவளி முடிந்த பிறகு அவள் அடிக்கடி லீவு போட்டாள். தினமும் காலையில் வயிற்றுவலி. ஒரு நாள் அவளுடைய சாப்பாட்டு டப்பாவை யாரோ தூக்கி வாய்க்காலில் எறிந்துவிட்டார்கள். மறுநாள் அவள் அம்மா வந்தார்.

"எல்லாரும் அவள கேலி பண்றாங்களாம் டீச்சர். உங்கப்பா ஓடிப்போயிட்டாரு, இனிமே வரமாட்டாருங்கறாங்களாம். ராத்திரியெல்லாம் அழுவுறா."

"சின்னப் புள்ளைங்க, விளையாட்டா சொல்லியிருக்கும்ங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

டப்பாவை எறிந்தவர்களைக் கண்டுபிடித்து முட்டி போட வைத்தேன். அதனால் ஒன்றும் மாறவில்லை. அந்தச் சமயத்தில் நடந்த ஆசிரியர் பயிற்சியில், சொன்னால் புரியாததைப் பிள்ளைகள் நடித்தால் புரிந்துகொள்வார்கள் என்று சொல்லியிருந்தார்கள். துபாயில் இருந்த என் கொழுந்தனும் லீவில் ஒரு ஹேண்டிகேம் கொண்டுவந்திருந்தான். கேலியைப் பற்றிப் பிள்ளைகளையே நாடகம் போட வைத்து, வீடியோ எடுத்து, அதை அவர்களுக்கே காட்டலாம் என்று தோன்றியது. கொழுந்தன் எனக்கு ஒரு மணி நேரம் கேமரா சொல்லிக் கொடுத்தான்.

பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தேன். "நான் எதுவும் எழுதித் தரமாட்டேன். கேலி எப்படி நடக்குதுன்னு நீங்களே பேசி, நீங்களே நடிச்சுக் காட்டணும்" என்றேன். முதல் குழு விளையாட்டுத் திடலில் நடக்கும் சண்டையை எடுத்துக்கொண்டது. இரண்டாவது குழு ஸ்கூல் வேனில் நடக்கும் கேலியை. மூன்றாவது குழுவில் அவள் இருந்தாள். யாரோடும் பேசாதவள் என் மேஜைக்கு வந்து, "டீச்சர், நான் டீச்சரா நடிக்கிறேன்" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிள்ளை கூச்சத்தை விட்டு வெளியே வருகிறது, நாடகம் வேலை செய்கிறது என்று ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மதியம் படம் எடுத்தோம். ஒரு துண்டை முந்தானையாகப் போட்டுக்கொண்டு, கையில் ஸ்கேலோடு அவள் வந்தாள். நடையே என் நடை. கேமராவுக்குள் தலை வெட்டுப்படாமல் இருக்க வேண்டுமே என்பதில்தான் என் கவனம் முழுக்க இருந்தது. அவள் நன்றாக நடித்தாள், நான் நன்றாக எடுத்தேன். அவ்வளவுதான் அன்றைக்கு என் மனதில் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். ஹெட்மாஸ்டர் தன் வீட்டு டிவியை ஆட்டோவில் கொண்டுவந்தார். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். அம்மாக்கள் பெஞ்சுகளில். முதல் இரண்டு நாடகங்களுக்கும் நல்ல சிரிப்பு. பிறகு மூன்றாவது ஆரம்பித்தது.

டிவியில் அவள் ஸ்கேலால் மேஜையைத் தட்டி அட்டெண்டன்ஸ் எடுத்தாள். அவளாக நடித்த பையன் எழுந்து நின்றான். அவனை மேலும் கீழும் பார்த்து அவள் கேட்டாள்:

"என்ன மலேசியா, இன்னைக்காவது உங்கப்பா போன் பண்ணாரா? இல்ல, அங்கயே செட்டில் ஆயிட்டாரா?"

டிவியில் வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு மேலே, மற்ற எல்லாக் குரலையும் அமுக்கிக்கொண்டு, பெரியவர் ஒருவரின் சிரிப்பு கேட்டது. யார் இது என்று ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. கேமராவில் மைக் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் நின்றது நான் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

அந்த வார்த்தைகள் அவள் கற்பனை செய்தவை அல்ல. என் வார்த்தைகள். அரையாண்டுப் பரீட்சைக்கு முன்பு ஒரு தடவை சொன்னேன். வகுப்பு சிரித்தது, எனக்கும் பிடித்திருந்தது. பிறகு எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அதை விடக் கொடுமை, முந்தைய நாள் அவள் என் கண்ணெதிரே நின்று அதைத் திருப்பிச் சொன்னபோதும் எனக்கு உறைக்கவில்லை. மறுபடியும் சிரித்திருக்கிறேன்.

டிவியில் அந்தப் பையன் தலையைக் குனிந்து பெஞ்சை நகத்தால் சுரண்டினான். பின்பெஞ்சுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக, "உங்கப்பா ஓடிப்போயிட்டாரு" என்றார்கள். நாடகம் முடிந்தது.

"பிரமாதம்!" என்று ஹெட்மாஸ்டர் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். அவளுடைய அம்மா மட்டும் தட்டவில்லை. கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்தார். சத்தமே போடவில்லை.

"அவர் போன் பண்ணி ஏழு மாசம் ஆவுது டீச்சர். உசிரோட இருக்காரான்னே தெரியல. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ரேஷன் கடை வரிசையில் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்தேன். கேட்டதைக் காதோடு விட்டுவிட்டேன்.

"தப்பு பண்ணிட்டேன்ங்க" என்றேன். அவர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பதினெட்டு வருட வேலையில் ஒரு பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. வகுப்பு திகைத்துப் போய்ப் பார்த்தது. முன்வரிசையில் ஒருத்தி கேட்டாள், "அப்ப எங்கள மட்டும் ஏன் டீச்சர் முட்டி போட வச்சீங்க?"

பிள்ளைகள் நாடகத்தை வேறு மாதிரி முடித்து மறுபடியும் எடுக்கலாம் என்றார்கள். டீச்சர் அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொள்கிற மாதிரி. நான் அவளைப் பார்த்தேன்.

"வேணாம் டீச்சர். அப்படி ஒண்ணும் நடக்கலயே" என்றாள்.

எடுக்கவில்லை. அதற்குப் பிறகு கேலி குறைந்தது. சாப்பிடும்போது இரண்டு பேர் அவள் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார்கள். நான் அவளை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் அவள் தோள் லேசாக இறுகும்.

மாசி மாதம் அவள் அப்பாவிடமிருந்து போன் வந்தது. முதலாளி பாஸ்போர்ட்டையும் போனையும் பிடுங்கி வைத்திருந்தாராம். தப்பித்து வேறு ஊருக்குப் போய், ஊருக்குத் திரும்ப வழி பார்த்துக்கொண்டிருந்தார். மே மாதம் அவள் அம்மா டிசி வாங்க வந்தார். மன்னார்குடியில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்கே போகிறார்களாம். அவர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் வராந்தாவில் தனியாக நின்றாள். நான் பக்கத்தில் போனேன்.

"புது ஸ்கூல்ல நல்லா படிக்கணும், என்னம்மா?"

"சரி டீச்சர்."

பிறகு அவளாகவே சொன்னாள், "அங்க யாருகிட்டயும் அப்பா வெளிநாட்டுல இருக்காருன்னு சொல்லமாட்டேன். உள்ளூர்லதான் வேலை பாக்குறாருன்னு சொல்லிடுவேன்."

ஒன்பது வயது. அந்த வருடம் முழுக்க என் வகுப்பில் அவள் கற்றுக்கொண்டது அதுதான். அம்மா வந்ததும் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் போய் வழியனுப்பலாம் என்று நினைத்தேன். போகவில்லை.