ஈரமான பிளாஸ்திரி

இன்று பொன்னேரி பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் கழுத்தில் டயாலிசிஸ் குழாய். அதன்மேல் ஒட்டிய பிளாஸ்திரி நனைந்திருந்தது.

எண்பதுகளில் என் அத்தைக்கும் தோளுக்குக் கீழே அப்படியொரு குழாய் இருந்தது. கழுத்தளவு ஏரித் தண்ணீரில், பறி என்னும் ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் கையால் துழாவி இறால் தடவுவாள். அவள் கேலிக்குச் சிரித்தபடியே மற்றப் பெண்களும் நகர்வார்கள். குழாயோடும் இறங்கினாள். குழாய்வழி நீர் புகுந்து குளிர்சுரம் வந்தது.

நர்ஸ் திட்டினாள்: “குளிக்கக் கூடாதுன்னு சொன்னோம்ல?”

“நான் எங்க குளிச்சேம்மா? வேலைக்குத்தானே போனேன்.”

அந்தச் சுரத்திலேயே செத்தாள்.

இன்று இவரிடம் கேட்டேன்: “இன்னாண்ணா, ஈரமா கீது?”

“குளிக்கலபா. ஏரில எறா தடவுனேன், அவ்ளோதான்.” சொல்லும்போதே நடுங்கினார்.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். ஓ.பி. சீட்டில், தொழில் என்ற இடத்தில், அவரைக் கேட்காமலே ‘கூலி’ என்று எழுதினார்கள்; தண்ணீரில் நிற்கும் வேலை என்று அதில் இல்லை.

உங்கள் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?