நாலு கூ

எனக்கு நாய்ன்னா பயம். சின்னப் புள்ளையில இருந்தே பயம். அப்படிப்பட்ட எனக்குக் குடுத்த வேல என்னா தெரியுமா? நாயப் பாத்துக்கிறது! தோட்டத்துத் தொரை பங்களாகிட்ட ரோட்டு திரும்புற மொடக்குல ரெண்டு நாயி நிக்கும். ஒண்ணு கறுப்பு, ஒண்ணு செம்பட்ட. காலையில வெளிச்சம் வர்ற நேரத்துக்கு நான் மடியில ரஸ்க்க கட்டிக்கிட்டு அங்க போயி நிப்பேன். எங்க பொம்பளைக ஓடி வரும்போது நாயி ரெண்டும் என் பக்கம் திரும்பி ரஸ்க்கு திங்கணும். அவ்வளவுதான். அவங்க மேல போயி திரும்பி வந்து எறங்குற வரைக்கும் எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும். ஆனா ஒரு நாளு போகாம இருந்ததில்ல.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல பேத்திதான் எழுதுறா. "அப்பாயி, யாரு ஓடுறான்னு மொதல்ல சொல்லுங்க"ங்கிறா. சொல்றேன் இரு.

ஆரம்பிச்சது என் மருமக. அவ தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்குறவ. கிளினிக்குல சீனி கூடிருச்சு, நடங்கன்னு சொல்லிவிட்டாங்க. மறுநாளு நடந்தா. அடுத்த கெழம ஓடுறா! பள்ளிக்கூடத்துல ஓட்டத்துல மொதலாவது வந்தவளாம். கல்யாணம் முடிச்சு வந்து பதினாறு வருசம், எனக்குத் தெரியாது.

"ஏன் புள்ள, இத்தன நாளு சொல்லல?"ன்னேன்.

"நீங்க எங்க மாமி கேட்டீங்க?"ன்னா.

அதுவும் சரிதான். நான் கேட்டதெல்லாம் இன்னைக்கு எத்தன கிலோ எடுத்த, என்னா கறி வச்ச, அதுதான்.

அப்புறம் மூணு பேரு சேந்தாங்க. புள்ள மடுவத்துல கொழந்தைகளப் பாத்துக்கிற அம்மா ஒருத்தங்க. நல்ல தாட்டியான ஆளு, மூச்சு வாங்கிக்கிட்டு கடைசியிலதான் வருவாங்க. எப்பவும் முன்னுக்குப் போறது பிரசவம் பாக்குற மிட்வைப் நோனா. அவங்க சிங்களம், தமிழும் பாதி பேசுவாங்க. "ஆச்சி, பல்லா பாக்க! நாங்க ஓடுறது!"ன்னு கத்திக்கிட்டே என்னையத் தாண்டிப் போவாங்க. பல்லான்னா அவங்க பாஷையில நாயி. அப்புறம் பேக்டரியில வேல செய்ற கொமரிப் புள்ள ஒண்ணு.

ஓடுறது லேசுன்னு நெனைக்காதீங்க. காலச் சுத்தி அட்ட ஏறும். அதுக்கு முழங்கால் வரைக்கும் சவுக்காரத்த நல்லாத் தேச்சுக்குவாங்க. நாலு பேருல சப்பாத்து இருந்தது நோனாவுக்கு மட்டுந்தான். மத்தவங்க செருப்ப நாடாவால கட்டிக்கிட்டு ஓடுவாங்க. மருமக எம் மகனோட டீசட்டப் போட்டுக்கிட்டு, நாங்க குடியிருக்குற லயத்தத் தாண்டுற வரைக்கும் மேல ஒரு துண்டப் போத்திக்கிட்டுப் போவா. வெக்கம். திரீவீல் ஓட்டுற பயலுக பக்கத்துல வந்து ஆரன் அடிப்பானுக. எங்க வீட்டுக்கு எதுத்த காம்பராவுல ஒருத்தி இருக்கா, என் வயசுக்காரி, வாயி மட்டும் எளசு. தெனமும் வாசல்ல நின்னு, "ஏண்டி, யாருடி வெரட்டுறா? கடன்காரனா, புருசனா?"ன்னு கேப்பா. மருமக சிரிச்சுக்கிட்டே போயிருவா. எனக்குத்தான் ஆத்திரம் வரும்.

அதவிட பனிதான் எனக்குப் பெரிய பயம். எங்க தோட்டம் இருக்குற எல்கடுவப் பக்கம் காலையில பனி எறங்குனா நீட்டுன கையி தெரியாது. நான் நிக்கிற மொடக்குல இருந்து மேல ஏழாம் நம்பர் மலை வரைக்கும் ரோட்டு போகுது. அங்க ஒரு பீலி இருக்கு, தண்ணி கொட்டும். அதத் தொட்டுட்டுத்தான் திரும்புவாங்க. பனியில அங்க நடக்குற எதுவுமே எனக்குத் தெரியாது. அதனால நாந்தான் சொன்னேன், "பீலிக்குப் போனதும் ஆளுக்கு ஒரு கூ போடுங்க"ன்னு. மலையில வேல செய்யும்போது நாங்க அப்படித்தானே. இந்த மலையில ஒருத்தி கூ போட்டா அடுத்த மலையில ஒருத்தி வாங்கிக்குவா. கங்காணி வர்றாரு, மழ வருதுன்னு எல்லாம் அதுலயே போயிரும்.

நாலு கூ வந்தா நாலு பேரும் பத்திரம். நான் வெரல மடக்கி எண்ணிக்குவேன். நோனா போடுற கூ கோழி கத்துன மாதிரி இருக்கும், அதக் கேட்டாலே சிரிப்பு வந்துரும்.

அன்னைக்கு ரெண்டு கூதான் வந்துச்சு.

நோனா போட்டாங்க. பேக்டரி புள்ள போட்டுச்சு. மூணாவது மருமக போடணும். ரஸ்க்கு முடிஞ்சிருச்சு, நாயி ரெண்டும் என் கையப் பாத்துக்கிட்டு நிக்குதுக. சரி, மடுவத்து அம்மாவுக்கு மூச்சு வாங்கியிருக்கும், கூட நிக்கிறா போலன்னு நெனச்சேன். இன்னும் கொஞ்ச நேரம். ஒண்ணுமில்ல. விழுந்துட்டாளா? சீனி எறங்கி மயங்கிட்டாளா? திரீவீல் தட்டிருச்சா? 

நானே ஒரு கூ போட்டேன். பெலமா. இன்னொண்ணும் போட்டேன்.

அதுதான் நான் பண்ணுன தப்பு. ஒரு கூ கேட்டா எங்க ஆளுக சும்மா இருப்பாங்களா? லயத்துல இருந்து ஒருத்தி வாங்குனா. பீலியில நோனாவும் அந்தப் புள்ளையும் மேல இருந்து கூ கூன்னாங்க. வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போன பொம்பளைக பத்துப் பன்னெண்டு பேரு ரோட்டுல நின்னு ஆளாளுக்குக் கூப்புடுறாங்க. மலையே அதிருது. மருமக மட்டும் பதில் குடுக்கல.

அப்பத்தான் எனக்கு பீலிக்குப் போற பாதையில நிக்கிற கருப்பந்தைலா மரம் ஞாபகம் வந்துச்சு. அது உச்சியில மொறம் அகலத்துக்குக் குளவிக் கூடு.

என் கூட்டுக்காரி ஒருத்தி குளவியிலதான் செத்தா. ரெண்டு பேரும் ஒரே நெறையில கொழுந்து எடுத்தவங்க. அன்னைக்கும் எல்லாரும் கத்திக்கிட்டு ஓடுனோம். சத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் அது இன்னும் வெறி புடிச்சு வந்துச்சு. குளவி வந்தா கத்தக் கூடாது, அப்படியே தரையில படுத்துரணும். மருமகளுக்கும் அது தெரியும். அவளால கூ போட முடியாம இல்ல. வாயப் பொத்திக்கிட்டுக் கெடக்குறா! நாங்கதான் சுத்தி நின்னு கத்தி அவளக் குளவி கடிக்க வைக்கிறோம்!

நான் ஓடுனேங்க.

என் முழங்காலு கக்கூசுக்கு எந்திரிக்கவே கரகரங்கும். எப்படி ஓடுனேன்னு கேக்காதீங்க. மொதல்ல கீழ ஓடி, பெரட்டுக்குப் போற ஆளுக முன்னுக்குப் போயி ரெண்டு கையையும் ஆட்டி, வாயில வெரல வச்சுக் காட்டுனேன். எதுத்த காம்பராக்காரியும் கூட்டத்துல நிக்கிறா. "ஏ கெழவி, ஒன்ன யாருடி வெர..."ன்னு ஆரம்பிச்சா. நான் அவ வாயவே பொத்திட்டேன். "குளவி"ன்னு மட்டும் சொன்னேன். அவ மூஞ்சி வெளுத்துப் போச்சு. இடுப்புல கட்டியிருந்த படங்க அவுத்து என் கையில குடுத்தா. மழைக்குக் கட்டுற தடிச்ச சாக்குங்க அது. கீழ சத்தம் நின்னதும் மேல நோனாவும் நிறுத்திட்டாங்க.

அந்தப் படங்கத் தலையில இருந்து போத்திக்கிட்டு மேல போனேன். மரத்துக்கிட்ட வரவர ஙொய்யுன்னு சத்தம். குனிஞ்சு, அப்புறம் ஒக்காந்து, கடைசியில தவந்துதான் போனேன். தேயிலைக்கு நடுவுல தண்ணி போற கானுல ரெண்டு காலு தெரிஞ்சுச்சு. ஒரு காலுல செருப்ப நாடாவால கட்டியிருந்துச்சு. அசையல.

"புள்ள"ன்னேன், காத்து மாதிரி.

அந்தக் காலு ஒருக்கா அசஞ்சுச்சு. அப்பத்தான் எனக்கு உசிரு வந்துச்சு.

மடுவத்து அம்மாவக் கீழ போட்டு, அவங்க மேல இவ கவுந்து கெடந்தா. டீசட்டத் தலைக்கு மேல இழுத்து விட்டுருந்தா. நான் படங்க ரெண்டு பேரு மேலயும் விரிச்சுட்டு, நானும் ஓரத்துல நொழஞ்சு படுத்துக்கிட்டேன். சேத்துத் தண்ணியில மூணு பொம்பளைக. எவ்வளவு நேரமோ. சத்தம் கொறஞ்சு கொறஞ்சு நின்னுச்சு.

மருமகளுக்கு முதுகுல நாலு, கண்ணு மேல ஒண்ணு. மடுவத்து அம்மாவுக்குக் கையில ஒண்ணு. ஆஸ்பத்திரியில ஊசி போட்டு ஒரு ராத்திரி வச்சுப் பாத்து அனுப்புனாங்க. மடுவத்து அம்மா கட்டில்ல இருந்து அழுவுறாங்க. "அவ முன்னுக்குப் போயிட்டா ஆச்சி. நான் விழுந்தது கேட்டுத் திரும்பி வந்தா. அவ பாட்டுக்கு ஓடியிருக்கலாம்"னு. நான் மருமகளத் திட்டுனேன், "ஒனக்குப் புள்ளைக இருக்குடி"ன்னு. அவ வீங்குன கண்ணோட, "நீங்க மட்டும் ஏன் வந்தீங்க மாமி?"ன்னா. 

நாலு நாளு கழிச்சு, மரத்து வழி வேணாம்னு வேற ரோட்டுல ஓடலாம்னு பேசுனாங்க. பீலிக்குப் பின்பக்கமாப் போறது. ஆனா அதுக்கும் பங்களா மொடக்கத் தாண்டித்தான் ஆகணும். நான் ரஸ்க்கக் கட்டிக்கிட்டுப் போனா, அங்க மருமக நிக்கிறா. கண்ணு இன்னும் பாதிதான் தொறந்திருக்கு. ஓடக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க. ரஸ்க்க எங்கிட்ட இருந்து புடுங்கிக்கிட்டா.

"நான் நாயப் பாத்துக்கிறேன். நீங்க போங்க."

"எனக்கு அறுவத்தேழு வயசு புள்ள."

"அன்னைக்கு எத்தன வயசு?"

போனேன். ஓட்டம்னு சொல்ல மாட்டேன், வேகமா நடந்தேன், எறக்கத்துல கொஞ்சம் ஓடுனேன். எதுத்த காம்பராக்காரி வாசல்ல நின்னா, வாயத் தொறக்கல. பனி. மடுவத்து அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு வந்தாங்க. நெஞ்சு அடிக்கிற அடியில வழியில எங்கயாச்சும் செத்துருவேனோன்னு ஒரு பயம், ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பாத்துக்கிட்டே போனேன்.

பீலித் தண்ணியத் தொட்டேன். நோனா போட்டாங்க, பேக்டரி புள்ள போட்டுச்சு, மடுவத்து அம்மா போட்டாங்க. எல்லாரும் என்னையப் பாக்குறாங்க. நானும் போட்டேன், பாதிச் சத்தந்தான் வந்துச்சு.

கீழ இருந்து ஒண்ணும் கேக்கல. கேட்டுச்சோ இல்லையோ, நாயி கடிச்சிருச்சோ... இந்தக் கவல என்னைய விட்டுப் போகவே போகாது.

அப்புறம் வந்துச்சு. நீளமா ஒரு கூ. கூடவே ரெண்டு நாயும் கொலைச்சுச்சுக.