பேசாமல் செய்து காட்டும் பாடம்

பால்குடி மாறாத மகனை மணிமுத்தாறில் அத்தையிடம் விட்டுவிட்டுப் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். மற்ற செவிலியருக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளராக என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதற்கு முன் எங்களுக்கே அங்கே பயிற்சி. பிள்ளையை விட்டு வந்தது சரிதானா என்று வழியெல்லாம் மனம் அரித்தது. பயிற்சி அறையில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

பிறந்ததும் அழாத குழந்தைக்கு மூச்சுக் கொடுப்பதைப் பொம்மையை வைத்து நடத்திக் காட்ட வேண்டும். பார்ப்பவர்கள் கைகளை மட்டும் கவனிப்பதற்காக, முதல் தடவை வாய் திறக்கக் கூடாது. விளக்கம் அடுத்த தடவைதான். என் முறை வந்தது. பொம்மையைத் துடைத்து, முகத்தில் மாஸ்க்கைப் பொருத்தி, அதோடு இணைந்த காற்றுப் பையை அழுத்தினேன். அப்போது என் குரலே எனக்குக் கேட்டது.

“அழுடா ராசா, அம்மா இங்கனதான் இருக்கேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மதிப்பெண் போட உட்கார்ந்திருந்த நர்ஸ் அக்கா, கடற்கரை ஊரிலிருந்து வந்தவர், அவர் மட்டும் சிரிக்கவில்லை.

“பேசிட்டியேம்மா! மார்க்கக் குறைக்கத்தான் செய்வேன். வீட்டுல கைப்பிள்ள இருக்கோ? போ, மொதல்ல ஒரு போன் போட்டுட்டு வா.”

வராந்தாவில் நின்று பேசினேன்.

“அவன் நல்லா விளையாடுதான். ஒன்னத் தேடவே இல்ல. நீ பைய வா” என்றார் அத்தை. பின்னால் அவன் சிரிப்பது கேட்டது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ அழுகை வந்தது.

முகம் கழுவிவிட்டுப் போய் மறுபடியும் செய்து காட்டினேன். ஒரு வார்த்தைகூட வரவில்லை. இந்தத் தடவை அக்கா முழு மதிப்பெண் போட்டார்.

இப்போது நானும் பயிற்சி கொடுக்கிறேன். யாராவது பொம்மையிடம் பேசிவிட்டால் மதிப்பெண்ணைக் குறைக்கிறேன். பிறகு, பிள்ளை யாரிடம் இருக்கிறது என்று கேட்கிறேன்.