கம்பெனி வேலை

கோத்தகிரியில் எங்கள் டாக்சி ஸ்டாண்டுக்கு ஒரு சடங்கு உண்டு. கோயம்புத்தூருக்குக் கம்பெனி சர்வீசுக்கு ஒரு வண்டி இறங்குகிறது என்றால், முந்தின நாளே அதன் நகைகளை எல்லாம் கழற்றிவிடுவார்கள். பனிமூட்டத்துக்குப் போட்ட மஞ்சள் விளக்கு, மூன்று குரலில் கத்தும் ஹார்ன், பின்சீட்டுக்கு அடியில் அதிரும் ஸ்பீக்கர் எல்லாம் ஒரு சாக்குக்குள் போகும். வண்டி ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மலை இறங்கும்.

எல்லாம் வாரண்டிக்காகத்தான். வெளியில் வாங்கி எதையாவது மாட்டினால், ஒயரில் கை வைத்தால், பழுதை இலவசமாகப் பார்க்க மாட்டோம் என்று கம்பெனி சொல்லும். சாயங்காலம் மூட்டம் இறங்கினால் எதிரே வருகிற பஸ்ஸே தெரியாது என்பதைப் பற்றி வாரண்டிப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. அதை எழுதினவர் மேட்டுப்பாளையம் தாண்டியிருக்க மாட்டார்.

என் அண்ணன் மஞ்சள் காமாலையில் செத்துப்போனபோது அவன் வண்டிக்கு வாரண்டி மீதி இருந்தது. அவனுக்குத்தான் இல்லை.

வண்டியை நான் எடுத்து ஓட்டினேன். தேயிலை ஃபேக்டரி மைதானத்தில் அவன்தான் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்கு உருப்படியாக வந்த படிப்பு அது ஒன்றுதான். கொஞ்ச நாளில் பவர் ஸ்டீரிங் நின்றுபோனது. கொண்டை ஊசி வளைவில் திருப்பினால் ஆட்டுக்கல்லைத் திருப்புவது போல இருந்தது. சொந்தக் காசில் ஸ்டீரிங் மோட்டாரை மாற்ற எங்கள் வீட்டில் வழியில்லை. வாரண்டியில் கிடைத்தால் வண்டி சவாரிக்குப் போகும். இல்லையென்றால் நான் பழையபடி ஃபேக்டரியில் தூள் சலிக்கப் போக வேண்டும்.

ஆகவே சடங்கு நடந்தது. ஸ்டாண்டில் மூத்தவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர்தான் முன்னால் நின்றார்.

"ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கப்படாது அம்மிணி. அவனுக கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திட்டுப் பாப்பானுக."

பம்பரில் விளக்கு இருந்த இரண்டு ஓட்டைகளிலும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார்கள். சாமி காரியத்தைக் கம்பெனிக்காரன் சுரண்டிப் பார்க்க மாட்டான் என்பது ஸ்டாண்டின் நம்பிக்கை. மஞ்சள் விளக்குக்கு அண்ணன் இழுத்த ஒயரை மட்டும் அப்படியே விட்டார்கள்.

"அதத் தொடாதீங்கடா. எது அவனுது, எது கம்பெனியோடதுன்னு நமக்கே தெரியல. டை கட்டுனவனுக்கு எங்க தெரியப்போகுது?"

நான் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் அவன் மோதிரத்தையும் செம்புக் காப்பையும் கழற்றி ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். சாக்கில் இருந்ததையாவது திரும்ப மாட்டலாம்.

சர்வீஸ் சென்டரில் உள்ளே நுழைந்ததும் குளிர்ந்தது. குளிருக்குப் பேர்போன ஊரிலிருந்து வந்தவளுக்கே நடுக்கம். டை கட்டின ஒருவர் டேப்லெட்டோடு வந்தார்.

"டிரைவர் வரலீங்களா மேடம்?"

"நாந்தானுங்க டிரைவர்."

"ஓ. வெளிய ஏதாச்சும் பிட்டிங் பண்ணீருக்கீங்களா?"

"இல்லீங்க."

பம்பரைப் பார்த்தார். "இது?"

"பூச போட்டதுங்க."

"ரெண்டு பக்கமும் அளந்து வெச்சாப்ல இருக்கு?"

"எங்கூர்ப் பூசாரி அப்படித்தானுங்க."

சிரித்துவிட்டு பானெட்டைத் திறந்தார். உள்ளே பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"மலை வண்டின்னாலே எங்களுக்கு பயம் மேடம். ஒயரைப் பல்லுல கடிச்சு முறுக்கி விட்ருவாங்க. ஆனா உங்க வண்டியில யாரும் கை வெக்கல. மோட்டார் மாத்திக் குடுத்துடலாம்." பானெட் ஓரமாகப் போகிற ஒயரைத் தொட்டுக் காட்டினார். "இங்க பாருங்க, எப்படிச் சீரா டேப் சுத்தியிருக்கு. எங்கயும் உரசாது, தண்ணி எறங்காது. இதுதான் கம்பெனி வேலை. மலையில ஒருத்தன் இப்படிச் செஞ்சிருவானா?"

தலையை ஆட்டியிருந்தால் போதும்.

அந்த டேப் சுற்றின அன்று தூறல். நான் குடை பிடித்தேன். "எனக்கு எதுக்குப் புடிக்கற? ஒயருக்குப் புடி" என்று அண்ணன் திட்டினான். சட்டை முழுக்க நனைந்துபோய்தான் சுற்றி முடித்தான்.

"அது எங்கண்ணன் சுத்துனதுங்க" என்றேன்.

"எது?"

"நீங்க தொட்டதுதானுங்க. மஞ்ச லைட்டுக்குப் போறது. கம்பெனி வேலை பக்கத்துல இருக்குது பாருங்க, கிளிப் கழண்டு தொங்குதே, அது."

அவர் குரலைத் தாழ்த்தினார். நல்ல மனுசர்தான். "மேடம், நீங்க சொன்னது என் காதுல விழலைன்னு வெச்சுக்கலாம்."

"விழட்டுங்க. அவன் நல்லாச் செஞ்சிருக்கான்னு நீங்கதான சொன்னீங்க?"

உள்ளே போய் மேனேஜரைப் பார்த்துவிட்டு வந்தார். பொருத்தியது யார் என்று டேப்லெட் கேட்டதாம். கம்பெனி, வாடிக்கையாளர், தெரியாது. இந்த மூன்றில் ஒன்றைத்தான் தொட முடியும்.

"அண்ணன்னு இல்லீங்களா?"

"இல்லீங்க மேடம்."

வாடிக்கையாளரைத் தொட்டார். கரண்டில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் வாரண்டி போயிற்று. ஸ்டீரிங் மோட்டாரும் கரண்டில்தான் ஓடுகிறதாம்.

"லைட்டுக்கும் ஸ்டீரிங்குக்கும் என்னங்க சம்பந்தம்?"

"ரெண்டுக்கும் ஒரே பேட்டரிங்களே."

நானும் அண்ணனும் ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள். நல்லவேளை, அதை டேப்லெட் கேட்கவில்லை.

மேட்டுப்பாளையத்தில் மலை ஏறுவதற்கு முன் வண்டியை ஓரம் கட்டி மாமாவுக்குப் போன் போட்டேன்.

"இல்லீன்னுட்டாங்க மாமா."

"எப்படிக் கண்டுபுடிச்சான்? சந்தனத்தச் சொரண்டீட்டானா?"

"நாந்தான் சொல்லிப்போட்டேன்."

"ஏனம்மிணி, ஸ்டாண்டே ஒரு நாள் பொழப்ப உட்டுட்டுக் கழட்டுனோம். செத்த நேரம் வாய மூடிட்டு நிக்க உனக்கு என்ன கேடு?"

"அவன் சுத்துனதப் பாத்து, கம்பெனி வேலைன்னு சொல்லீட்டாரு மாமா. பொறுக்கல."



"அப்படியா சொன்னான், டை கட்டுனவன்?"

"ஆமாங்."

"செரி. டிக்கியில இருக்கற சாக்க அவுத்து லைட்ட மாட்டிட்டு வா. மேல மூட்டம் கட்டிக் கெடக்குது. இனி எந்த நாயிக்குப் பயப்படோணும்?"

அதுவும் உண்மைதான். வாரண்டி போன வண்டிக்கு இருக்கிற சுதந்திரம் வேறு யாருக்கும் இல்லை. சந்தனத்தைக் கழுவிவிட்டு இரண்டு விளக்கையும் மாட்டினேன். அண்ணன் விட்டிருந்த ஒயர் முனை சரியாக வந்து உட்கார்ந்தது. ஹார்னையும் மாட்டினேன், வேண்டுமென்றே.

பாதி மலையில் மூட்டம் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீரிங்கோடு மல்லுக்கட்டித் திருப்பினேன். மோட்டார் வாங்குகிற வரைக்கும் ஃபேக்டரிதான், தூள் சலிப்புதான், அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஏறினேன். ஒரு வளைவில் கீழே இறங்குகிற பஸ் என் மஞ்சள் வெளிச்சத்தைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றது. மூன்று குரலிலும் ஒரு ஹார்ன் அடித்துவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டீரிங்கை இழுத்துத் திருப்பினேன்.