கழுத்துக்கு அரை லிட்டர்

"சிரிங்க" என்கிறார் கவுஸ் பாஷா. கட்டிலில் உட்கார்ந்திருப்பவர் சிரிக்கிறார்.

"பல்லு தெரியணும். ம். இப்ப ரெண்டு கையயும் முன்னால நீட்டித் தூக்குங்க. கண்ண மூடிக்குங்க. நான் பத்து எண்ற வரிக்கும் எறக்கக் கூடாது. ஆச்சா? உங்க பேரு, ஊரு, அப்பா பேரு மூணையும் சொல்லுங்க."

வந்தவர் கண்ணை மூடி, கையை நீட்டி, திருவிழாவில் காணாமல் போன பிள்ளையைப் போலத் தன் விலாசத்தைச் சொல்கிறார். வரிசையில் நிற்பவர்கள் தங்கள் முறை வருவதற்குள் ஒருமுறை சிரித்துப் பழகிக்கொள்கிறார்கள். திருக்கோவிலூர் கடைத்தெருவில் காலை பத்து மணிக்கு ஒரு மெத்தைக் கடை வாசலில் ஏழு பேர் காரணமில்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றால், அது கவுஸ் பாஷாவின் கடை.

ஐம்பத்திரண்டு வயது. புருவத்தில் எப்போதும் இரண்டு இழை இலவம்பஞ்சு. யாராவது பின்னாலிருந்து "பாய்" என்று கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப மாட்டார். வயலிலிருந்து ரோட்டுக்கு ரிவர்ஸ் எடுக்கும் கரும்பு லாரியைப் போல மொத்த உடம்பையும் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "இன்னா?" என்பார். முடி வெட்டிக்கொள்ளப் போனால் நாற்காலியில் உட்காரும் முன்பே ஒரு நிபந்தனை: "தல உங்களுது. கழுத்து என்னுது."

கரும்பு லோடு ஏற்றுகிறவர்கள், கரியாலூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி இறங்கியவர்கள், நடவில் இடுப்பு பிடித்த பெண்கள் என்று நாளுக்குப் பதினைந்து பேராவது சுளுக்கு எடுத்துக்கொள்ள வருவார்கள். பெண்களைத் திரைக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி ரஜியா பார்த்துக்கொள்வார். ஆளைக் கடையின் சாம்பிள் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, தோளில் லேசாகக் கை வைத்து, "மூச்ச வுடுங்க" என்பார் கவுஸ் பாஷா. அடுத்த நொடி 'கடக்'. எதிர் டீக்கடை வரை கேட்கும். படுத்தவர் எழுந்து, "வுட்டுச்சி பாய்" என்று கண் கலங்குவார். இந்த வட்டாரத்தில் சத்தம் வந்தால்தான் வைத்தியம். சத்தம் வராமல் குணமானவர்கள் அதைக் குணமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் அந்தச் சத்தம் கழுத்திலிருந்து வரவில்லை. மெத்தைக்கு அடியில், கவுஸ் பாஷாவின் முழங்கால் அழுத்தும் இடத்தில் கிடக்கும் காலித் தண்ணீர் பாட்டிலிலிருந்து வந்தது.

அதிலும் கணக்கு உண்டு. கழுத்துக்கு அரை லிட்டர். முதுகுக்கு ஒரு லிட்டர். இடுப்புக்குக் கலர் சோடா வருகிற இரண்டு லிட்டர் பாட்டில். இருபது பேருக்கு மேல் போனால் பாட்டிலின் குரல் கம்மிவிடும், மாற்ற வேண்டும். மூடி இறுக்கமாக இருந்தால் பாட்டில் கல் மாதிரி நிற்கும். கால் திருகு தளர்த்தி வைத்தால்தான் சத்தம் எலும்பிலிருந்து வருவது போல வரும். தினமும் கடை திறந்ததும் ரஜியா ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, "இது கழுத்துக்கு ஆவாது, வயசாயிடுச்சி" என்று தள்ளி வைப்பார்.

நான்கு வருடத்துக்கு முன்பு வரை சத்தம் கழுத்திலிருந்துதான் வந்தது. செல்போனில் ஒரு வெள்ளைக்காரர் ஆட்களை ஈரத் துணி பிழிவதுபோலப் பிழிவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். முதலில் மெத்தை மேல் பழகினார், பிறகு மச்சான் மேல். ஒருநாள் பொன்னுரங்கம் என்கிற மரவள்ளி விவசாயி கழுத்தைக் கொடுத்தார். கையை வைத்து ஒரு வெட்டு வெட்டியதில் அருமையான சத்தம். எழுந்து உட்கார்ந்த பொன்னுரங்கம், "கட சுத்துது பாய்" என்றார். கடை நிற்கிறது என்று கவுஸ் பாஷா விளக்கிக்கொண்டிருக்கும்போதே புது மெத்தையில் வாந்தி எடுத்தார்.

பொன்னுரங்கத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கவுஸ் பாஷாவைத் தனியே உட்காரவைத்துச் சொன்னார். "மூளைக்கு ரத்தம் போற குழாய் நாலு. அதுல ரெண்டு கழுத்தெலும்புக்குள்ளயே நுழைஞ்சு போகுது. வெடுக்குன்னு திருப்பினா உள்பக்கம் கிழியலாம். கிழிஞ்ச எடத்துல ரத்தம் கட்டி மேல போச்சுன்னா பக்கவாதம். ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட வராது. ஆனா அந்த ஒருத்தர் யாருன்னு கழுத்தப் பாத்து எனக்கே சொல்லத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டப் போன கவுஸ் பாஷா, பாதியில் நிறுத்திக்கொண்டு வாயால் சொன்னார். அன்றிலிருந்து அவர் தலை ஆடவில்லை. அங்கிருந்த நர்ஸ் ஒருவர் மூன்று விஷயம் சொல்லி அனுப்பினார்: சிரிக்கச் சொன்னால் வாய் கோணுகிறதா, தூக்கிய கை இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா. ஒன்று இருந்தாலும் நேரம் கடத்தாமல் கூட்டிவர வேண்டும். பொன்னுரங்கத்துக்கு நல்லவேளை ஒன்றுமில்லை. மறு மாதமே வந்து நின்றார். "அன்னிக்கி எடுத்தீங்களே, சூப்பரா வுட்டுச்சி பாய். இன்னொண்ணு எடுங்க."

கவுஸ் பாஷா இனி எடுப்பதில்லை என்றார். "கை தேஞ்சிடுச்சா பாய்?" என்று கேட்டுவிட்டு ஜனங்கள் மணலூர்பேட்டைக்குப் போனார்கள். அங்கே ஒருவர் தாடைக்குக் கீழே துண்டைப் போட்டு, ஏர் பூட்டியதைப் போல இழுத்துத் திருப்புவார். தான் அனுப்பிய கழுத்துகளை நினைத்து கவுஸ் பாஷாவுக்குச் சொந்த மெத்தையில் தூக்கம் வரவில்லை. பிறகு ஒருநாள், முதுகில் கை மட்டும் வைத்துக்கொண்டிருந்தபோது, மெத்தைக்கடியில் உருண்டுபோயிருந்த பாட்டில் மேல் அவர் முழங்கால் பட்டது. 'கடக்'. "அப்பாடா" என்றார் படுத்திருந்தவர்.

"இது ஏமாத்து இல்லியா?" என்று கேட்டார் ரஜியா.

"நான் எங்க ஏமாத்தனேன்? மூச்ச வுடுங்கன்னேன், அவரு வுட்டாரு. சத்தம் பாட்டிலு போட்டுச்சி."

"அத அவருகிட்ட சொல்றது."

"சொன்னா மறுபடியும் வலிக்குமே."

போன மாசியில், கரும்பு வெட்டு மும்முரமாக இருந்தபோது, செல்லமுத்து வந்தார். கரும்புக் கட்டைத் தலையில் தூக்கிப் பலகை ஏறி லாரியில் போடுகிறவர். கவுஸ் பாஷா வழக்கம்போல, "சிரிங்க" என்றார். செல்லமுத்துவின் வாயில் வலது பாதி மட்டும் சிரித்தது. கையைத் தூக்கச் சொன்னதும் இடது கை, யாரோ மெல்ல அமுக்கியதுபோல இறங்கிவிட்டது.

"நேத்து மணலூர்பேட்டைல துண்டு போட்டாங்க பாய்" என்றார். சொற்கள் ஊறிப்போய் வந்தன. "வலது பக்கம் வுட்டுச்சி. எடது பக்கம் சத்தமே வரல. இப்ப பஸ்ஸுல வரச்சொல்ல கை மரத்துப் போச்சி. அந்தப் பக்கம் மட்டும் எடுத்து வுடுங்க."

"அண்ணே, எழுந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"ஆஸ்பத்திரில சத்தம் வராது பாய்." அவர் குப்புறப் படுத்து, வலது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "சத்தம் வந்தா நானே எழுந்து போய்க்கினு இருப்பேன்."

திரை ஓரத்தில் இடுப்பைப் பிடித்தபடி நின்ற அமிர்தம், "ஒரே ஒரு சொடக்கு எடுத்து வுடுங்களேன். மனுசன் கெஞ்சறாரு" என்றார். வரிசையும் ஆமோதித்தது. ரஜியா அதற்குள் 108-க்கு விலாசம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கவுஸ் பாஷாவின் முழங்காலுக்குக் கீழே அரை லிட்டர் தயாராக இருந்தது. அழுத்தினால் செல்லமுத்து, "வுட்டுச்சி பாய்" என்று எழுந்து நேராகக் கரும்புக் காட்டுக்குப் போய்விடுவார். அழுத்தாவிட்டால் கட்டிலை விடமாட்டார். கவுஸ் பாஷா மெத்தைக்கு அடியில் கையை விட்டு மூன்று பாட்டில்களையும் வெளியே எடுத்தார். அரை லிட்டரைச் செல்லமுத்துவின் முகத்துக்கு நேராகப் பிடித்து அமுக்கினார்.

'கடக்.'

"இதாண்ணே சத்தம். நாலு வருசமா இதான்."

டீக்கடையில் ஆற்றிக்கொண்டிருந்தவர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"அப்ப என் இடுப்பு?" என்றார் அமிர்தம்.

"ரெண்டு லிட்டருமா" என்றார் ரஜியா. அமிர்தத்துக்கு அங்கேயே இடுப்பு பிடித்துக்கொண்டது.

செல்லமுத்து தலையைத் தூக்கிப் பார்த்தார். "அப்ப உங்களுக்கு எடுக்கவே தெரியாதா பாய்?"

"தெரியாதுண்ணே."

செல்லமுத்துவின் கை கட்டில் சட்டத்தை விட்டது. வண்டி வந்ததும், கடையிலிருந்த இரண்டு புதுத் தலையணைகளை அவர் தலைக்கு இரு பக்கமும் முட்டுக் கொடுத்து, கவுஸ் பாஷாவும் கூடவே ஏறிக்கொண்டார். கழுத்துக்குள் ரத்தக் குழாய் கிழிந்திருந்தது என்றும், இன்னும் கொஞ்ச நேரம் கடத்தியிருந்தால் இடது பக்கமே செயலற்றுப் போயிருக்கும் என்றும் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

மூன்று நாள் கடை வாசலில் யாரும் சிரிக்கவில்லை. கவுஸ் பாஷா தலையணைக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் அமிர்தம் வந்தார். "தெரிஞ்சா இன்னா இப்போ? எனக்கு அந்த ரெண்டு லிட்டரையே போடுங்க. நல்லா கேட்டுக்கினு இருந்துச்சி." மாத முடிவில் வரிசை பழைய நீளத்துக்கு வந்துவிட்டது. ஒரே வித்தியாசம், இப்போது பாட்டிலை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம், தனக்குச் சோடா பாட்டில்தான் ஒத்துக்கொள்கிறது என்கிறார் பொன்னுரங்கம்.

சென்ற வாரம் செல்லமுத்து வந்தார். யாரும் கேட்காமலே சிரித்துக் காட்டினார். வாய் நேராக இருந்தது. பேரும் ஊரும் தெளிவாக வந்தன. இடது கை விரல்கள் மட்டும் முழுதாக மடங்கவில்லை.

"பந்த அமுக்கிப் பழகச் சொல்லிக்கிறாங்க பாய். அமுக்கறனா இல்லியான்னே தெரில. சத்தம் இல்ல."

கவுஸ் பாஷா அன்று காலை ரஜியா தேர்ந்தெடுத்து வைத்த அரை லிட்டர் பாட்டிலை எடுத்து அந்த இடது கையில் வைத்தார். செல்லமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். விரல்கள் வெளுத்தன. பாட்டில் அசையவில்லை. வரிசை மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

கவுஸ் பாஷா கையை நீட்டி, மூடியைக் கால் திருகு தளர்த்திவிட்டார்.